கேட்டைத் திறந்துவிட்டது நான்தான்

தபால் இலாகாவில் 36 வருடம் வேலை பார்த்தவன் நான். அடுத்தவர் பணத்தையும் கடிதத்தையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழிலாக இருந்தது. பதிவுத் தபால் ஒன்றுகூட என் கையில் தொலைந்ததில்லை என்று கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் உடைந்த கதையைத்தான் இன்று எழுதுகிறேன். நான்கைந்து வருடமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது. இப்போது ஆச்சியே, "எழுதுங்க தம்பி, நாலு பேருக்கு உதவும்" என்று சொல்லிவிட்டதால் தயக்கம் இல்லை.

நாங்கள் இருப்பது வண்ணார்பேட்டையில், கீழே வண்டி நிறுத்துமிடமும் மேலே நாலு மாடியுமாக உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மொத்தம் 24 வீடு. சொந்தக்காரர்களே குடியிருப்பது 9 வீட்டில். வாடகைக்கு விட்டிருப்பது 11. மீதி 4 வீடு பூட்டியே கிடக்கும். பிள்ளைகள் அமெரிக்காவிலோ துபாயிலோ இருப்பார்கள், ஆனித் தேரோட்டத்துக்கு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. முறைப்படி 1975ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்த அசோசியேஷன் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு. வருடம் ஒரு தடவை பொதுக்குழு கூடும். தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டு, மிக்சரும் காப்பியும் சாப்பிட்டுக் கலைவோம்.

2019 ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். கீரையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வெயிலில் வந்தேன். கேட்டுக்கு வெளியே இரண்டு பையன்கள் நின்றார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, தோளில் பை. வாட்ச்மேனைக் காணோம்.

"எந்த வீட்டுக்குப்பா?" என்றேன்.

"முதல் மாடி ஆச்சி வீட்டுக்கு சார். பாத்திரம் விளக்குற பவுடர், கம்பெனியில இருந்து வாரோம்."

'ஆச்சி' என்று சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது. தெரிந்தவர்கள்தான் போல என்று நினைத்தேன். எங்கள் ஊரில் வயதான எந்தப் பெண்மணியும் ஆச்சிதான் என்பது அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. கொண்டியை நானே விலக்கி, கேட்டைத் திறந்துவிட்டேன். "படி வழியாப் போங்க, லிப்ட் ரிப்பேர்" என்று வழியும் சொன்னேன்.

முதல் மாடி ஆச்சிக்கு அப்போது 78 வயது. தனியாக இருக்கிறார். ஒரு மகன் சிங்கப்பூர், ஒரு மகன் சென்னை. தானே சமைத்து, தானே துவைத்து, சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து பழைய பத்திரிகை படித்துக்கொண்டு ராஜாத்தி மாதிரி இருப்பார். அன்று அந்தப் பையன்கள் முதலில் பித்தளை விளக்கைத் தேய்த்துப் பளபளக்க வைத்திருக்கிறார்கள். அடுத்து வெள்ளிக் கிண்ணம். அடுத்து, "கையில் கிடக்கிற வளையல் எண்ணெய் ஏறிப் போயிருக்கே ஆச்சி." மஞ்சள் தண்ணீரில் வளையலைப் போட்டு, தூக்குச் சட்டியில் மூடி, "கால் மணி நேரம் கழிச்சுத் திறங்க, அதுக்கு முன்ன திறந்தா நிறம் மாறிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். திறந்தபோது மஞ்சள் தண்ணீர் மட்டும் இருந்தது. மூன்று பவுன். தாத்தா உயிரோடு இருந்தபோது செய்து போட்டது.

ஆச்சி யாரிடமும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் என் மனைவி புளியோதரை கொடுக்கப் போனபோதுதான், "என்ன ஆச்சி, கை மூளியா இருக்கு?" என்று கேட்க, அழுதுவிட்டார்.

வளையல் போனதைவிட வேறொரு பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. "எம்மா, மகன்மாருக்குத் தெரிஞ்சா இந்த வீட்டை வித்துப்புடுவானுவ. என்னைக் கொண்டுபோயி எங்கயாவது ஹோம்ல விட்டுருவானுவ. யார்கிட்டயும் சொல்லாத தாயி. போலீசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மனைவி வந்து இதைச் சொன்னபோது நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "கேட்டைத் திறந்துவிட்டது நான்தான்" என்று சொல்ல எனக்கு ராத்திரி வரை ஆயிற்று. அவள் கோபப்படவில்லை. "சொல்ல வேண்டிய இடத்தில ஒருநாள் சொல்லிருங்க. உள்ள வச்சுக்கிட்டிருந்தா உங்களுக்குத்தான் பிரஷர் ஏறும்" என்றாள்.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, குற்ற உணர்ச்சி உள்ளவர்கள் எல்லாம் செய்வதைச் செய்தேன். சீர்திருத்தத்தில் இறங்கினேன்.

செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆச்சி பெயரைச் சொல்லாமல், வெளியாட்கள் தாராளமாக உள்ளே வந்து போகிறார்கள், பாதுகாப்பைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று. அவர் நல்ல மனிதர்தான். படியில் பார்த்தபோது தோளில் கை போட்டுச் சொன்னார்: "சார், இத்தனை வருசத்தில இங்க ஒரு செருப்பு களவு போனதுண்டா? நம்ம ஊரு என்ன மெட்ராஸா? செலவுன்னு சொன்னாலே சண்டைக்கு வாராவ. பைய பார்ப்போம்." எங்கள் பக்கத்தில் 'பைய பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, என்ன கேட்கப்போகிறோம் என்பதாவது தெளிவாக இருக்கட்டும் என்று, ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றினேன். திருடனாக இருந்தால் எப்படி வருவேன் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ஓய்வுபெற்றவனுக்கு நல்ல பொழுதுபோக்கு. நீங்களும் உங்கள் இடத்தில் ஒருநாள் செய்து பாருங்கள்.

கேட்டின் கொண்டியை வெளியிலிருந்தே கையை விட்டு நீக்கலாம். பின்பக்கக் காலி மனையை ஒட்டிய சுவரில், கேபிள் இழுக்க வந்தவர்கள் உடைத்த இடம் உடைத்தபடியே கிடந்தது. ஒரு ஆள் குனிந்து வரலாம். வண்டி நிறுத்துமிடத்தில் ஆறு விளக்கில் நாலு எரியவில்லை. மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டே கிடையாது. பக்கத்துக் கட்டிடத்து மாடியிலிருந்து ஒரு பலகை போட்டால் வந்துவிடலாம்.

இதெல்லாம் யாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்த இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, தபால் பெட்டிகள். பூட்டிய நாலு வீட்டின் பெட்டியிலும் பேங்க் கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் பிதுங்கி வழிந்துகொண்டிருந்தன. தபால்காரனுக்கு மட்டுமல்ல, திருடனுக்கும் அது சேதி சொல்லும். வாசலில் கிடக்கும் பழைய பேப்பரும் பால் பாக்கெட்டும் அதே மாதிரிதான். இன்னொன்று, படிக்கட்டுக்குக் கீழே பெருமையாக மாட்டியிருந்த பெயர்ப் பலகை. வீட்டு எண், பெயர், பக்கத்தில் தள்ளினால் 'உள்ளே', 'வெளியே' என்று மாறுகிற சின்னத் தகடு. கட்டிடம் கட்டிய காலத்தில் அது நாகரிகம். வெளியே போகும்போது ஒழுங்காகத் தகடைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் நான். வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கே எழுதிவைத்துவிட்டுத் திருச்செந்தூர் போய்வந்திருக்கிறேன்!

இந்தப் பட்டியலையும் செயலாளரிடம் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

பிறகு அந்த ஜூலை வந்தது. 2019 ஜூலை 23ஆம் தேதி நெல்லையில் இருந்தவர்கள் மறக்க முடியாது. மாநகராட்சியின் முன்னாள் மேயர் உமா மகேஸ்வரி, அவருடைய கணவர், வீட்டு வேலைக்கு வந்த பெண் ஆகிய மூன்று பேரும் ரெட்டியார்பட்டி சாலைப் பக்கம் அவர்கள் வீட்டுக்குள்ளேயே, பட்டப்பகலில் கொல்லப்பட்டார்கள். ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. பெரிய மனிதர் வீட்டிலேயே இப்படியா என்பதுதான் எல்லோர் வாயிலும்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில், அப்போது அது நம் ஜில்லாதான், தோட்டத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து துண்டால் இறுக்கினான் முகமூடி போட்ட ஒருவன். உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மாள் கையில் கிடைத்த செருப்பை எறிந்து, பிளாஸ்டிக் நாற்காலியை வீசி, அரிவாளோடு வந்த இரண்டு பேரையும் கணவனும் மனைவியுமாக விரட்டிய வீடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாடு முழுக்கப் பார்த்தது. அந்த அம்மாளுக்குக் கையில் வெட்டு, சங்கிலியும் போயிற்று. ஆனால் ஓடியவர்கள் அவர்கள் இல்லை, வந்தவர்கள். அடுத்த நாலாம் நாள் சுதந்திர தின விழாவில் சென்னைக் கோட்டையில் முதலமைச்சர் கையால் வீர தீர விருது வாங்கினார்கள்.

எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குரூப்பில் அந்த வீடியோ ஒரே நாளில் பதினோரு தடவை வந்தது. அதுவரை 'பைய பார்ப்போம்' என்றவர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் பாதுகாப்பு நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். பதினாறு கேமரா வேண்டும் என்றார் ஒருவர். வீட்டுக்கு வீடு இரும்புக் கிரில் போடுவோம் என்றார் இன்னொருவர். எல்லோரும் ஒத்துப்போன ஒரே விஷயம், "முதல்ல இந்தக் கிழட்டு வாட்ச்மேனை அனுப்பிட்டு, ஏஜென்சில சொல்லி யூனிபார்ம் போட்ட ஆளைக் கொண்டுவரணும்" என்பதுதான். அதற்குள் ஆச்சி விஷயமும் எப்படியோ கசிந்திருந்தது. பெயர் சொல்லாமல், 'முதல் மாடியில் ஒரு சம்பவம்' என்று. அதற்கும் வாட்ச்மேன்தான் காரணம் என்று முடிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு காலை சிறப்புக் கூட்டம். பயம் எங்கள் அசோசியேஷனுக்குச் செய்த நன்மை அது. என் கடிதமும் பட்டியலும் இரண்டு மாதத்தில் செய்ய முடியாததை ஒரு வீடியோ ஒரு வாரத்தில் செய்தது.

*

கீழே வண்டிகளை நகர்த்திவிட்டு நாற்காலி போட்டிருந்தோம். வழக்கமாகப் பத்துப் பேர் வந்தாலே கோரம் என்போம். அன்று பதினேழு வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்லியிருந்தேன். "அவங்க மெம்பர் இல்லையே" என்றார் பொருளாளர். ஓட்டு வேண்டாம், பேசட்டும். ராத்திரி இந்தப் படியில் ஏறி இறங்குபவர்கள் அவர்கள்தானே என்றேன். அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள்.

வாட்ச்மேன் அண்ணாச்சி தூணுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். அவருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். சம்பளம் மாதம் 7,000 ரூபாய். வேலை நேரம் என்று ஒன்று கிடையாது. பகலும் அவர்தான், ராத்திரியும் அவர்தான். மோட்டார் போடுவது, படி கூட்டுவது, லிப்ட் நின்றால் ஆள் கூப்பிடுவது, வீட்டுக்கு வீடு தயிரும் தேங்காயும் வாங்கிக் கொடுப்பது எல்லாம் அவர்தான்.

"சம்பவம் நடந்த அன்னைக்கு இவரு எங்க போனாரு? அதைக் கேளுங்க முதல்ல" என்று ஒருவர் ஆரம்பித்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. "தப்புதான்யா" என்று மட்டும் சொன்னார்.

அந்த 'தப்புதான்யா'வைக் கேட்டபோது எனக்கு வேர்த்துவிட்டது. இப்போது பேசாமல் இருந்தால் ஒரு கிழவனின் பிழைப்பை நான் திருடியவன் ஆவேன். எழுந்தேன். கால் லேசாக நடுங்கியது.

"அன்னைக்கு அந்த ரெண்டு பேருக்கும் கேட்டைத் திறந்துவிட்டது அண்ணாச்சி இல்லை. நான்தான். எந்த வீட்டுக்குன்னு கேட்டேன், சொன்னாங்க, திறந்துவிட்டேன். படிக்கு வழியும் காட்டினேன். ரெண்டு மாசமா சொல்லாம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. செயலாளரின் மனைவி. "அண்ணாச்சியை அன்னைக்கு ரேஷன் கடைக்கு அனுப்பினது நான். கூட்டமா இருந்துச்சுன்னு ஒண்ணரை மணி நேரம் கழிச்சுத்தான் வந்தாரு. அவரு அதைச் சொல்ல மாட்டாரு. நான் சொல்லிட்டேன்." செயலாளர் தரையைப் பார்த்தார்.

ஆச்சியும் வந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். படிக்கட்டில் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். "ஏன் எல்லாரும் சுத்தி வளைக்கீய? போனது என் வளையல்தான். வீட்டுக்குள்ள கூப்பிட்டு உட்கார வச்சு மோர் கொடுத்தது நான்தான். அந்த மனுசனை ஏன் வையுதீய?" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கூட்டம் கூட்டமாக நடந்தது.

*

ஏஜென்சி ஆள் வேண்டுமா என்பது பெரிய விவாதம். யூனிபார்மைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது என்றேன். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005ஆம் வருடமே ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்தக் கூடாது. காவலுக்கு அனுப்பும் ஆளின் பின்னணியை விசாரித்திருக்க வேண்டும். பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். 2006 மாதிரி விதிகளில் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் சொல்லியிருக்கிறது. ஏஜென்சிக்குப் போனால் உரிமத்தையும் அந்த ஆளின் விசாரணைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். 2018இல் சென்னை அயனாவரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தை ஒருத்திக்கு நடந்த கொடுமையில் கைதானவர்கள் யார்? அங்கே லிப்ட் இயக்கியவர்கள், காவல் இருந்தவர்கள், பிளம்பர்கள். பதினேழு பேர். (2020 பிப்ரவரியில் அதில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.) கேட்டில் நிற்பவர் யார் என்று தெரியாவிட்டால் கேட் இருந்து என்ன பயன்?

இந்த இடத்தில் எங்கள் சீமையின் பழைய கதை ஒன்றும் ஞாபகம் வந்தது. பாளையக்காரர் காலத்தில் நெல்லைச் சீமையில் காவல் முறை என்று ஒன்று உண்டு. ஊருக்குள் காப்பது தல காவல், சுற்று வட்டாரத்தைக் காப்பது திசை காவல். அதற்கென்று ஊரார் நெல்லாகவோ பணமாகவோ காவல் கூலி அளக்க வேண்டும். களவு போனால் காவல்காரர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் அதன் மதிப்பை ஈடு கட்ட வேண்டும். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தில் இதைப் பற்றி விவரமாக இருக்கிறது. அந்த முறையில் அக்கிரமமும் நிறைய நடந்தது. கூலி கொடுக்காத ஊரில் களவு நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனிக்காரன் காவல் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். ஆனாலும் ஊர்ப்புறத்தில் வெகுகாலம் அது தொடர்ந்தது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்தக் காலத்தில் பொறுப்பு பெரிது, அதற்கேற்ற கூலியும் இருந்தது. நாம் கூலியை 7,000 ஆக்கிவிட்டு, பொறுப்பை மட்டும் அந்தக் காலத்து அளவில் வைத்திருக்கிறோம்.

கூட்டத்தில் உருப்படியான யோசனை சொன்னவர், நாங்கள் கூப்பிட யோசித்த வாடகைக் குடித்தனக்காரர்தான். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண். "சார், கேமரா இருட்டுல என்ன எடுக்கும்? நான் நைட் டியூட்டி முடிஞ்சு வரும்போது கேட்ல இருந்து படி வரைக்கும் மொபைல் வெளிச்சத்துலதான் வாரேன். முதல்ல லைட் போடுங்க" என்றார். பதினாறு கேமரா பேசிக்கொண்டிருந்த நாங்கள் வாயடைத்துப் போனோம்.

கடையம் வீடியோவையும் எடுத்துப் பேசினேன். அந்த வீட்டில் கேமரா இருந்தது. அதனால்தான் நாம் பார்த்தோம். ஆனால் கேமரா யாரையும் விரட்டவில்லை. விரட்டியது நாற்காலியும் செருப்பும், ஒருவர் கத்தியதும் இன்னொருவர் ஓடிவந்ததும்தான். கேமரா சாட்சி சொல்லும், காவல் காக்காது. சாட்சியும் வேண்டியதுதான், அதற்கு அளவு உண்டு.

கடைசியில் எட்டு கேமரா போதும் என்று முடிவாயிற்று. கேட், வண்டி நிறுத்துமிடம், பின்சுவர், லிப்ட் வாசல், படிக்கட்டு, மொட்டைமாடி வாசல். எந்த வீட்டுக் கதவையும் நேராகப் பார்க்கக் கூடாது. யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பது அசோசியேஷன் பார்க்கிற விஷயம் இல்லை. பதிவுப் பெட்டியை மோட்டார் அறையில் பூட்டி வைப்பது. சாவி இரண்டு பேரிடம். இரண்டு பேரும் சேர்ந்துதான் திறந்து பார்க்கலாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். கேமராவும் ஒயரிங்கும் 43,000. பின்சுவர் அடைக்க 9,000. விளக்கு, கேட்டுக்குப் புதுப் பூட்டு, மொட்டைமாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்து 8,000. ஆக 60,000, வீட்டுக்கு 2,500. பெரிய வீட்டுக்காரர்கள் கூடுதலாகக் கொடுக்க வேண்டாமா என்று ஒரு கேள்வி வந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1994ஆம் வருட அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி பார்த்தால் பொதுச் செலவு பிரிவினையற்ற பங்கின் விகிதப்படிதான். ஆனால் எல்லோரும் மனமொத்தால் சமமாகப் போட்டுக்கொள்வதில் சண்டை குறைவு. அப்படியே செய்தோம். (அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் புதுச் சட்டம் இயற்றி, 2024இல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் அசோசியேஷன் பழைய விதிகளையே வைத்திருந்தால் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.)

அண்ணாச்சியை அனுப்பவில்லை. பகல் 12 மணி நேரம் மட்டும் அவர், சம்பளம் 8,000. ராத்திரிக்குத் தனி ஆள், அவருக்கும் 8,000. அண்ணாச்சியின் சொந்த ஊர்க்காரர், ஆதார் நகலும் போட்டோவும் வாங்கி ஸ்டேஷனில் கொடுத்தோம். இதற்காக மெயின்டனன்ஸ் மாதம் 400 ரூபாய் ஏறியது. வாட்ச்மேனைக் கடைக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு தீர்மானம். அதை முன்மொழிந்தவர் செயலாளரின் மனைவி. கேட்டில் ஒரு நோட்டு: வருபவர் பெயர், போன் நம்பர், எந்த வீடு, வந்த நேரம், போன நேரம். எந்த வீட்டுக்கு என்று சொன்னால் மட்டும் போதாது, அந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் கேட் திறக்கும். பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டோம். பூட்டிய வீடுகளின் தபாலை வாரம் ஒருமுறை நான் எடுத்துக் கட்டி வைப்பது என்று, ஓய்வுபெற்ற பிறகும் தபால் வேலை என் தலையில் விழுந்தது. வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வருகிறவர்கள் எட்டிப்பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இந்த வசதி நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை.

நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு பட்டியல் எழுதினோம். அது என் மனைவியின் யோசனை. எந்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவர், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இருதயம், யாரை அவசரத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று.

பணம் வசூலிப்பது லேசாக இருக்கவில்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஒருவர், "நான் இல்லாத வீட்டுக்கு எதுக்குக் காவல்?" என்று கேட்டார். இல்லாத வீட்டுக்குத்தானே காவல் என்று பதில் அனுப்பினேன். பணம் வந்துவிட்டது. கேமரா வந்த முதல் மாதம், திருடனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடிக்க அதைப் பயன்படுத்தினார்கள்: யார் வண்டியைக் குறுக்கே விட்டது, எந்தக் குழந்தை சுவரில் கிறுக்கியது. இரண்டு சாவி ஏற்பாடு இல்லாவிட்டால் அடிதடியே நடந்திருக்கும்.

ஆச்சி நான் கூட வர, ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். வளையல் கிடைக்கவில்லை. மகன்களிடமும் அவரே போனில் சொன்னார். சென்னை மகன் வந்து நாலு நாள் இருந்து, கேட்டையும் நோட்டையும் பார்த்துவிட்டு, "சரி, இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். 60,000 ரூபாய் செலவில் எனக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

*

இதோடு முடித்திருப்பேன். ஆனால் 2023 டிசம்பரைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு பேப்பரில் படித்தோம். அணைகளிலிருந்து வந்த தண்ணீரும் காட்டு வெள்ளமும் சேர்ந்து தாமிரபரணி கரை கொள்ளாமல் வந்தது. எங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மோட்டார் அறையில் இருந்த பதிவுப் பெட்டி முதல் நாளே மூழ்கிச் செத்தது. 43,000 ரூபாயின் மூளை தண்ணீருக்குள் கிடந்தது.

நோட்டு மட்டும் பிழைத்தது. ராத்திரி ஆள் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் அதைத்தான் முதலில் மாடிக்குக் கொண்டுபோனாராம். பின்பக்கப் பட்டியலை வைத்துக்கொண்டு, நர்ஸ் பெண்ணும் என் மனைவியும் வீடு வீடாகத் தட்டினார்கள். ஆச்சியின் இன்சுலின், மூன்றாம் மாடிக்காரரின் இருதய மாத்திரை எல்லாம் கணக்குப் பார்த்தார்கள்.

விடியும் நேரத்தில் பின்தெருவின் தாழ்வான வீடுகளிலிருந்து ஆட்கள் கேட்டுக்கு வந்து நின்றார்கள். மார்பளவு தண்ணீரில், குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு. எந்த வீட்டுக்கு என்று கேட்டால் சொல்ல அவர்களுக்கு எந்த வீடும் இல்லை. ராத்திரி ஆள் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சார், என்ன செய்யட்டும்?"

செயலாளரும் நானும் படியில் நின்றிருந்தோம். அவர் என்னைப் பார்த்தார். "திறங்க" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

பூட்டிக் கிடந்த நாலு வீட்டில் இரண்டின் சாவி எங்களிடம் இருந்தது. அதிலும் மாடி நடைகளிலுமாக நாற்பது பேர் வரை மூன்று நாள் இருந்தார்கள். ஆச்சி வீட்டுப் பெரிய பானையில்தான் கஞ்சி.

தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டினேன். 18.12.2023 என்று போட்டு, நனைந்த பக்கத்தில், வந்தவர்கள் பெயரெல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. 'எந்த வீடு' என்ற கட்டத்தில் எல்லாப் பெயருக்கும் எதிரே ராத்திரி ஆள் ஒரே வார்த்தையை எழுதியிருந்தார்: 'நம்ம வீடு.'